எனக்கென்று வைத்த நல்லி எலும்பு

பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். விற்பவர் யார், வாங்குபவர் யார் என்று முதலிலேயே சொல்லி, இனிமேல் இவரை இப்படித்தான் குறிப்பிடுவோம் என்று எழுதிவிட்டுத்தான் மேலே போவோம். என் பணிக்காலம் முழுவதையும் அங்கே கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஏற்பாடு கல்யாணப் பேச்சுகளுக்கும் இருந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாக இருந்திருக்கும். குறைந்தபட்சம் என் அத்தையின் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் யாராவது ஒருவர் ‘ரோஸ்ட்’ என்றால் என்ன என்று இரண்டு வரியில் எழுதி இரு தரப்புக்கும் கொடுத்திருக்கலாம்.

எழுபதுகளில் நாங்கள் போடிமெட்டுக்குக் கேரளத்துப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் இருந்தோம். அப்பா அங்கே ஸ்டோருக்குப் பொறுப்பாளர். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடம். அதன் ஒரு பக்கம் செங்கல் வைத்துக் கட்டிய பெரிய அடுப்பு இருக்கும், ஓர் ஆள் குனிந்து உள்ளே போகலாம். அதில் விறகு எரித்தால் சூடு தகரக் குழாய்கள் வழியாகக் கட்டடத்துக்குள் ஓடிக் காயைக் காயவைக்கும். காய் இல்லாத மாதங்களில் அந்த அடுப்பில் பூனைகள் குட்டி போடும்.

அப்பாவின் தங்கை எங்களோடு இருந்தாள். எஸ்டேட் டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை. அவளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதையே எல்லோரும் உரக்கச் செய்தார்கள். கம்பத்திலிருந்து வந்த முதல் வரன், பெண் இங்கிலீஷ் மருந்துப் பெயரெல்லாம் வாசிக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் பின்வாங்கியது. அடுத்து வந்த பையன் தன் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று பெருமையாகச் சொன்னபோது, நாக்கைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்று அத்தை சொல்லிவிட்டாள். டிஸ்பென்சரிப் பழக்கம். பெண்ணுக்கு வாய் நீளம் என்று அவர்கள் ஜீப் ஏறிப் போனார்கள்.

மூன்றாவதாக வந்தவர் போடிக்காரர். அங்கே ஓர் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை. ஒரு கைப்பிடி காயை அள்ளி மூக்கருகே கொண்டுபோனால் அது எந்த மலைச்சரிவில் காய்த்தது என்று சொல்லிவிடுவார் என்றார்கள். எங்கள் வீட்டுக்கு முதல் தடவை தன் அண்ணனோடு வந்தபோது அவர் எதுவுமே சொல்லவில்லை. டீ குடித்தார், போனார். அவ்வளவுதான் முறையும். பேச்சு முடிவாகும் வரை பெண் வீட்டில் டீ குடிக்கலாம், சோறு தின்னக் கூடாது. தின்றுவிட்டால் அதற்குப் பெயர் கை நனைத்தல். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைத்துவிட்டார்கள் என்றால் சம்பந்தம் உறுதி. இலை விரித்த பிறகு கை நனைக்காமல் எழுந்தார்கள் என்றால் அதோடு முடிந்தது. முத்திரைத்தாள் வேண்டாம், சாட்சிக் கையெழுத்து வேண்டாம். என் அலுவலகத்தில் நான் பதிந்த எந்தப் பத்திரத்துக்கும் அந்த உறுதி இருந்ததில்லை.

இனி மாமா. அம்மாவின் தம்பி, துரை பங்களாவில் மேட்டி. பட்லருக்கு அடுத்த ஆள் என்று மாமா சொல்வார். பட்லருக்கு அடுத்து அங்கே வேறு யாரும் இல்லை என்பதால் அது உண்மைதான். ஈஸ்டர் முடிந்த வாரத்தில் நிச்சயம் என்று முடிவானதும் அம்மா பிரியாணிக்கு அரிசி பார்க்க ஆரம்பித்தாள். மாமா அதைக் கேட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“போடிக்காரங்க பாக்காத பிரியாணியாக்கா? ரோஸ்ட் போடுவோம். செம்மறித் தொடை, முழுசா. துரைக்கு லண்டன்லருந்து ஆளு வந்தப்ப செஞ்சோம்லா, அதே மாதிரி.”

அந்த விருந்தில் மாமாவின் பங்கு உருளைக்கிழங்கு உரித்தது மட்டும்தான் என்பது பல வருடம் கழித்துத்தான் வெளியே வந்தது.

“வெங்காயம் எவ்வளவு வேணும்?” என்றாள் அம்மா. எங்கள் மலையில் மலையாளிகள் வீட்டு ரோஸ்ட் என்றால் வெங்காயத்தை வதக்கி வதக்கிக் கறியோடு சுருட்டி எடுப்பது.

“வெங்காயமே கிடையாது.”

“மெளகா வத்தல்?”

“வத்தலும் கிடையாது.”

“பெறகு என்னதாம்ல போடுவ?”

“ரோஸ்மேரி.”

அம்மா திகைத்துப்போனாள். டிஸ்பென்சரி நர்ஸின் பெயர் ரோஸ்மேரி. “அவ எதுக்குடா? அவ லீவுல ஊருக்குப் போயிருக்காளே.”

அது பங்களாத் தோட்டத்தில் வளர்கிற ஒரு செடி என்று மாமா விளக்குவதற்குள் அத்தை சிரித்துப் புரையேறிவிட்டாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. துரை தின்கிற சாப்பாட்டைத் தன் தங்கையின் நிச்சயத்தில் போடுவது என்பது அவர் மனதில் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் போடிக்கு இறங்கிக்கொண்டிருந்த எங்கள் சபை உபதேசியாரிடம், “சாப்பாட்டுக்கு ரோஸ்ட் ஏற்பாடு பண்ணியிருக்கோம்னு அவங்க வீட்டுல ஒரு வார்த்த சொல்லிருங்க” என்றார். உபதேசியார் வசனங்களை ஓரெழுத்து மாறாமல் ஒப்பிப்பவர். இதையும் அப்படியே போய்ச் சொன்னார். மலையில் ஒரு பொருளும் பங்களாவில் இன்னொரு பொருளும் உள்ள சொல்லுக்குப் போடியில் என்ன பொருள் என்று யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

செம்மறியைப் போடிச் சந்தையில் வாங்கி ஜீப்பில் ஏற்றி வந்தார்கள். மெட்டில் இருந்த சோதனைச் சாவடியில் நிறுத்தி, ஆடு எதற்கு என்று கேட்டார்கள். நிச்சயதார்த்தத்துக்கு என்றார் அப்பா. “ஆருடெ நிச்சயம்? இவன்டெயோ?” என்று அந்தக் காவல்காரர் ஆட்டின் தாடையைத் தடவினாராம். அப்பா அதற்கும் சிரிக்கவில்லை. நானும் அந்த ஆட்டுக்குப் பெயர் வைக்கவில்லை, அதைக் கட்டிக்கொண்டு அழவும் இல்லை. கறி தின்கிற வீட்டுப் பிள்ளை நான். அது வந்து இறங்கியதும் அதன் பின்னங்காலைத்தான் பார்த்தேன்.

அடுத்த சிக்கல், அவ்வளவு பெரிய தொடையை எங்கே வைத்துச் சுடுவது என்பது. பங்களா அடுப்பைத் தொட பட்லர் சம்மதிக்கவில்லை. எங்கள் வீட்டு விறகடுப்பில் அது நுழையாது. எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்கும்போது அத்தைதான், “ஸ்டோர் அடுப்பு சும்மாத்தான கிடக்கு” என்றாள்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். எஸ்டேட் தீக்குச்சியால் சொந்த பீடியைப் பற்றவைக்காதவர் என் அப்பா. பென்சில் கொண்டுவந்தாலும் காலையில் திருப்பி எடுத்துப் போய்விடுவார். அவர் நெடுநேரம் கூரையைப் பார்த்தார்.

“ஸ்டோர் பொறுப்பாளர்ட்ட கேக்கணும்” என்றார்.

அவர்தான் பொறுப்பாளர். அப்பா எழுந்து வாசல் வரை போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, திரும்பி வந்தார்.

“சம்மதிச்சிட்டார்” என்றார். சாவியை அத்தையிடம் கொடுத்தார்.

நிச்சயத்தன்று விடிந்ததும் அத்தையும் மாமாவும் நானும் ஸ்டோருக்குப் போனோம். மாமா தொடையில் கத்தி முனையால் குத்திக் குத்திப் பூண்டைச் செருகினார். வெண்ணெயும் மிளகுத்தூளும் உப்பும் தேய்த்தார். வெண்ணெய் பங்களாவிலிருந்து வந்தது, எந்த முறைப்படி வந்தது என்று அப்பா கேட்கவில்லை. ரோஸ்மேரி இலையிலிருந்து தைலம் போல ஒரு வாசனை அடித்தது. அதற்குள் அத்தை பெரிய கட்டைகளை எரித்து அடுப்பு நிறையக் கனல் ஆக்கியிருந்தாள். கனலை உட்பக்கம் ஒதுக்கி, இரண்டு செங்கல்லின் மேல் தகரத் தட்டத்தை வைத்து, அதில் தொடையைக் கிடத்தினார்கள். தொடை தட்டத்தைவிட நீளம். அதனால் சதைப்பற்றான பாகம் அடுப்பு வாசலைப் பார்த்தும், காலெலும்பு உள்ள மெலிந்த முனை கனலைப் பார்த்தும் கிடந்தது. சுற்றிலும் உருளைக்கிழங்கு. அதில் மட்டும் மாமாவுக்கு உண்மையான அனுபவம் இருந்தது.

இரும்புக் கதவை மூடும் முன் மாமா அந்த நீட்டிக்கொண்டிருந்த எலும்பைக் காட்டி, “பாப்பா, இந்த நல்லி உனக்கு” என்றார்.

“நெசமாவா?”

“நெசமா. வேற ஆரும் தொட முடியாது.”

“அத்தை, நீங்க சாட்சி” என்றேன். அத்தை கரி அப்பிய கையை உயர்த்தி, “நான் சாட்சி” என்றாள். வாக்குக் கொடுத்தவர், பெற்றவர், சாட்சி மூவரும் ஒரே இடத்தில் இருந்தோம். பதிவு ஒன்றுதான் ஆகவில்லை.

மாமா புதினாச் சட்னி அரைக்க வீட்டுக்குப் போனார். துரை வீட்டில் அதில் சீனியும் வினிகரும் சேர்ப்பார்களாம். அரைத்துக் கொண்டுவந்ததை அத்தை விரலில் தொட்டு நக்கிவிட்டு, “இருமல் மருந்து இத விட நல்லா இருக்கும்” என்றாள். பிறகு அடுப்புக் கதவைக் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏம்ப்பா, முனையெல்லாம் செவந்து வந்துட்டு. சத அப்பிடியே வெளுத்துக் கிடக்கே. திருப்பி வைக்கணும்லா?”

“திருப்பக் கூடாது. திருப்பினா உள்ள இருக்க சாறு போயிரும். பங்களாவுல திருப்ப மாட்டாங்க.”

“பங்களா அடுப்புல நாலு பக்கமும் சூடு வரும்ப்பா.”

“நீங்க மருந்தக் கலக்குங்க. கறிய எங்கிட்ட விடுங்க.”

அத்தை வாய் நீளமானவள் என்று பெயர் வாங்கியவள். அன்று ஏனோ பதில் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் சாக்கில் வந்து உட்கார்ந்தாள். அந்தச் செங்கல் அடுப்புக்குள் பல வருடத்து ஏலக்காய் வாசம் ஊறிக் கிடந்தது. கறி வேக வேக அந்த வாசமும் கிளம்பி வந்தது. பசி வயிற்றைக் கிள்ளியது.

“அத்தை, அவருக்குப் பேச வருமா?” என்று கேட்டேன்.

“ஆருக்கு?”

“போடிக்காரருக்கு.”

அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அன்னைக்கு டீ குடிச்சாருல்லா. குடிச்சிட்டு டம்ளரக் கழுவிக் கவுத்தி வச்சிட்டுப் போயிருந்தாரு.”

இதை அவள் அந்த வாரத்தில் என்னிடம் பலமுறை சொல்லியிருந்தாள். ஒரு டம்ளரைக் கழுவியதில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் நான்கூடக் கழுவுவேன், அம்மா அதட்டினால்.

உச்சிவேளைக்கு ஜீப் வந்தது. முன்னால் இறங்கியது மாப்பிள்ளையின் அம்மா. மழையும் இல்லை வெயிலும் இல்லை, ஆனாலும் கையில் குடை இருந்தது. பின்னால் உறவுக்காரர்கள், கடைசியாக இஸ்திரி போட்ட சட்டையில் போடிக்காரர். எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். உபதேசியார் நீளமாக ஜெபித்தார். ஜெபம் முடிந்து அம்மா வாழையிலையோடு வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா கையைக் காட்டித் தடுத்தார்.

“எல போட வேணாம் தாயி. நாங்க போடியிலயே சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம்.”

அம்மாவின் கையில் இலைகள் அப்படியே நின்றன. அடுக்களைக் கதவோரம் நின்ற அத்தையின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் என் தோளில் வைத்திருந்த கை மட்டும் இறுகியது.

அப்பா தொண்டையைச் செருமினார். “நிச்சயத்துக்கு வந்துட்டு சாப்பிட மாட்டோம்னா எப்பிடிம்மா? எங்க பக்கம் ஏதும் தப்பு நடந்துட்டா?”

“தப்பு என்னங்கய்யா தப்பு. ரோஸ்ட்டுதான் போடப் போறாகன்னு உபதேசியாரு சொல்லிட்டாரு. எங்க ஊருல நிச்சயத்துக்கு வந்தவுகளுக்குத் தோசையச் சுட்டுக் குடுத்து அனுப்புற வழக்கமில்ல. சரி, மலையில என்ன கஷ்டமோ, நம்ம போய் வாயத் தொறக்கக் கூடாதுன்னு இட்டிலியும் கறிக்கொழம்பும் சாப்புட்டுக் கெளம்புனோம். மத்தத நீங்களே புரிஞ்சுக்கிருங்க.”

“தோசையா?” என்றார் அப்பா.

“முறுகச் சுட்டா ரோஸ்ட்டுதான? எங்க கிளப்புக் கடையில அப்பிடித்தான் கூவுறாக. ‘ரெண்டு ரோஸ்ட்டேய்’னு.”

அம்மா மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தாள். மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒரு மனிதன் தன் வாழ்நாள் முழுவதும் காத்திருந்த தருணம் வந்ததுபோல, “தோசை இல்லீங்கம்மா! இருங்க, இந்தா வாரேன்!” என்று ஸ்டோரைப் பார்த்து ஓடினார்.

பெரிய பீங்கான் தட்டில் தொடையைத் தூக்கிக்கொண்டு அவர் உள்ளே நுழைந்ததை இப்போது நினைத்தாலும் வாய் ஊறுகிறது. வெண்ணெய் வடிந்து, தோல்புறம் பொன்னிறமாகி, மிளகும் பூண்டும் மணக்க, காலெலும்பு ஒரு பக்கம் கம்பீரமாக நீட்டிக்கொண்டிருந்தது. பாயில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு சாண் முன்னால் நகர்ந்தார்கள்.

“அடி ஆத்தீ, முழுத் தொடையா!” என்று மாப்பிள்ளையின் அம்மா குடையைக் கீழே வைத்தார். அப்பாவுக்கு மூச்சு வந்தது.

மாமா அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். தட்டை அப்படியே அம்மாவிடம் கொடுத்திருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். ஆனால் பங்களா முறை என்று ஒன்று இருக்கிறதே. விருந்தாளிகளின் முன்னால்தான் வெட்ட வேண்டும். மாமா நீளமான கத்தியை உருவி, சதை எங்கே தடியாக இருந்ததோ அங்கே பார்த்து ஓர் அறு அறுத்தார்.

உள்ளே ரோஜா நிறத்தில் இருந்தது. சிவப்பு நீர் தட்டில் வழிந்து உருளைக்கிழங்கைச் சுற்றிக் குளம் கட்டியது.

“ஏய்யா, ரத்தம்ல வருது!”

“ரத்தம் இல்லீங்கம்மா, சாறு. இப்பிடித்தான் இருக்கணும். துரைமாருக்கு இதுக்கு மேல வெந்தா தட்டத் திருப்பி அனுப்பிருவாங்க. இதுக்குப் பேரு மீடியம்.”

“எங்க ஊருல இதுக்குப் பேரு பச்சக்கறி. மொதல்ல தோசைங்கிறாக, பெறகு உசுரோட கொண்டாந்து அறுக்குறாக!”

இரத்தத்தோடு இறைச்சி புசிப்பது நமக்கு விலக்கப்பட்டது என்று உபதேசியார் மெல்லிய குரலில் நினைவூட்டினார். அவர் யார் பக்கத்து ஆள் என்று அப்பாவுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. மாமா புதினாச் சட்னியை நீட்டினார். ஒருவர் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, “இனிக்குதப்பா” என்று பயந்துபோய்ச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“சரிங்கய்யா. பொழுதோட எறங்கணும். மெட்டுல மஞ்சு விழுந்துரும். நாங்க ஊருக்குப் போயிச் சொல்லி விடுறோம்.”

போய்ச் சொல்லிவிடுகிறோம் என்பதன் பொருள் எனக்கே தெரியும். கம்பத்துக்காரர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

என் தோளிலிருந்த கை விலகியது. அத்தை கூடத்துக்கு வந்தாள். நிச்சயத்தன்று பெண் தானாகக் கூடத்துக்கு வருவது முறையில்லை. அவள் யாரையும் பார்க்காமல் மாமாவின் கையிலிருந்த கத்தியை வாங்கினாள். சிவந்து கிடந்த சதையைத் தொடவில்லை. தட்டைத் திருப்பி, கனலைப் பார்த்துக் கிடந்த அந்த மெலிந்த முனையை மூட்டில் அறுத்து, ஒரு திருகு திருகி, எலும்போடு எடுத்து ஒரு தட்டில் வைத்தாள்.

என் நல்லி எலும்பு.

தட்டையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் கொண்டுபோய்ப் போடிக்காரர் முன்னால் வைத்தாள்.

“இது நல்லா வெந்திருக்கு” என்றாள்.

“அது எனக்குள்ளது!” என்று நான் கத்தினேன்.

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை. “மாமா எனக்குத் தந்தது! அத்தைதான் சாட்சி! அத்தை, சொல்லுங்க!”

சாட்சி வாய் திறக்கவில்லை. போடிக்காரர் என்னைப் பார்த்தார். எலும்பைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அத்தை தலையைக் குனியாமல் நின்றாள், கரி அவள் காதோரத்தில் இன்னும் ஒட்டியிருந்தது. அவர் டம்ளரை எடுத்து, பாய்க்கு வெளியே கையை நீட்டி, வலது கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். எலும்பை எடுத்தார். உடனே கடிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி ஒரு முறை முகர்ந்தார். பிறகு நல்ல பெரிய கடியாகக் கடித்தார்.

“ஏலே!” என்றார் அவருடைய அம்மா.

அவர் நிதானமாக மென்று விழுங்கினார். “நல்லாருக்கும்மா” என்றார். அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு எங்களை எல்லாம் மறந்தவர்போல எலும்பைத் தட்டில் தட்டி நல்லியை உறிஞ்சினார். அந்தச் சத்தம் கூடம் முழுவதும் கேட்டது.

அவருடைய அம்மா கொஞ்ச நேரம் மகனையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். குடையைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“அவந்தான் கைய நனைச்சுப்புட்டானே. இனி நா என்னத்தச் சொல்ல?” என்றவர், மூக்கைத் தூக்கினார். “ஏந்தாயி, அந்தக் கொழம்பு வாசம் எங்கிட்டுருந்து வருது?”

மாமாவுக்குத் தெரியாமல் அம்மா முன்னங்காலையும் நெஞ்செலும்பையும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள், தேங்காயும் வத்தலும் அரைத்துவிட்டு, பெரிய குண்டான் நிறைய. போடியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் இரண்டாம் முறை சோறு வாங்கினார்கள். மாமாவின் ரோஜா நிறத் தொடையைத் துண்டு போட்டு அந்தக் குழம்பிலேயே தள்ளினாள் அம்மா. மாமா அடுக்களை வாசலில் நின்று, ஒரு சவ அடக்கத்தைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார். தன் ரோஸ்ட்தான் அந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தது என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அதை மறுத்ததில்லை. மறுத்தால் செய்து காட்டுவார் என்ற பயம்.

அடுத்த பருவத்தில் எங்கள் எஸ்டேட் ஏலக்காயில் கறிவாசம் அடிப்பதாகப் புகார் ஏதும் வரவில்லை. இருந்தாலும் அப்பா பல மாதம் அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

போடிக்காரர் எனக்கு மாமா ஆனார். நான் அவரை அப்படிக் கூப்பிட ஒரு வருடம் பிடித்தது. லீவுக்குப் போடிக்குப் போகும்போதெல்லாம், கறி எடுத்த அன்று, பந்தியில் யாருக்கும் வைக்கும் முன் நல்லி எலும்பை எடுத்து என் இலையில் வைப்பார். எதுவும் சொல்ல மாட்டார். நானும் எதுவும் சொல்லாமல் தின்பேன். எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகும் அப்படித்தான். ஒரு முறை, அன்று ஏன் முகர்ந்து பார்த்தீர்கள் என்று கேட்டேன். “பழைய காய் வாசம் வந்துச்சு. நல்ல காய்” என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் வாங்க முடியவில்லை.

ஆனால் அன்றைக்கு நான் இருந்த நிலை வேறு. ஜீப் வளைவில் இறங்கி மறைந்ததும் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அப்பா, கடைசியில், காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த எல்லாச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார். நான் யாரோடும் பேசாமல் பின்பக்கம் போனேன். குழாயடியில் அத்தை அந்தப் பீங்கான் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தட்டு எப்போதோ சுத்தமாகிவிட்டது. அவள் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“சாட்சி சொல்றேன்னு சொன்னீங்க” என்றேன்.

“சொன்னேன்தான்.”

“பெறகு ஏன் என் எலும்ப அவருக்குக் குடுத்தீங்க?”

அத்தை தட்டைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையோடு என் கன்னத்தைப் பிடித்தாள். “அவருக்குப் பசிக்கும்லா ஏட்டி” என்றாள்.

“அவங்கதான் போடியிலயே இட்டிலியும் கறிக்கொழம்பும் சாப்பிட்டுட்டு வந்தாங்களே!”

அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். ரோஸ்மேரிக்குச் சிரித்ததைவிட அதிகமாக, குழாய்க் கல்லில் உட்கார்ந்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். எலும்பையும் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்த ஓர் ஆளுக்கு எப்படிப் பசிக்கும் என்பது எனக்கு அப்போது விளங்கவே இல்லை.